பருத்த பூனைக்குத் துணையாக இன்னொரு பூனை வாங்கலாமா?

வீட்டுக்குள்ளேயே வளரும் 7 கிலோ பூனையை ஓடியாட வைக்க இன்னொரு பூனையைக் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடையைக் குறைப்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், பழைய பூனை கட்டிலுக்கடியில் முடங்கி இன்னும் குறைவாகவே நடமாடும். முதலில், உணவு வேளைக்குச் சற்று முன், குச்சியில் கட்டிய இறகை இரையைப் போல ஒளித்து இழுத்து, 5 முதல் 10 நிமிடங்கள் துரத்த விடுங்கள். உணவைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டுமே தவிர, பட்டினி போடக் கூடாது. பருத்த பூனை சில நாட்கள் உண்ணாதிருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம். அதன் பின்னும் துணை வேண்டுமென்றால், புதிய பூனையைத் தனி அறையில் வைத்து, படுக்கைத் துணிகளை மாற்றிப் போட்டு வாசனையைப் பழக்கி, மூடிய கதவின் இருபுறமும் உணவளித்து, சீறல் அடங்கிய பிறகே நேரில் காட்டுங்கள். இதற்குச் சில வாரங்கள்கூட ஆகலாம். இரண்டு பூனைகளுக்கு லிட்டர் பாக்ஸ் (பூனை மலஜலம் கழிக்கும் மணல் பெட்டி) மூன்று இருப்பது நல்லது.