ராத்திரியானா அரிக்குதா? சிரங்கு பத்தி நம்ம ஏரியா கேள்விங்க

இந்த தடவை வந்த கேள்வில முக்காவாசி அரிப்பு பத்தி தான். எல்லாம் சுத்தி சுத்தி ஒரே இடத்துக்கு தான் வருது, அதனால முதல் கேள்விக்கு கொஞ்சம் நீட்டி எழுதிட்டேன், கோச்சுக்காதீங்க.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டுல ஒரே ரூம்ல அஞ்சு பேர் இருக்கோம். பெரியவனுக்கு ஸ்கேபீஸ், அதாவது சிரங்குன்னு க்ரீம் குடுத்தாங்க, சரியாச்சு, ஒரு மாசத்துல திரும்ப வந்துடுச்சு. மருந்து டூப்ளிகேட்டா டாக்டர்?

மருந்து மேல பழி போடாதீங்கம்மா. அவனுக்கு மட்டும் தானே போட்டீங்க?

இந்த சிரங்குக்கு காரணம் ஒரு குட்டி பூச்சி, அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. பொட்ட பூச்சி தோலோட மேல் அடுக்குல சுரங்கம் தோண்டி தினமும் 2, 3 முட்டை வைக்கும். பறக்காது, குதிக்காது, ஊர்ந்து தான் போகும், அதனால உடம்போட உடம்பு கொஞ்ச நேரம் ஒட்டி இருந்தா தான் அடுத்தவங்களுக்கு போகும், ஒரே பாய்ல கட்டிப்புடிச்சு தூங்குற பசங்கன்னா அதுக்கு கொண்டாட்டம். இதுல பெரிய சிக்கல் என்னன்னா, முதல் தடவை ஒட்டினவங்களுக்கு 4லேர்ந்து 6 வாரம் வரைக்கும் அரிப்பே தெரியாது, ஆனா அப்பவே மத்தவங்களுக்கு பரப்பிட்டு இருப்பாங்க. சின்னவன் சொறியலன்னு விட்டிருப்பீங்க, அவன்கிட்டேர்ந்து பெரியவனுக்கு ரிட்டன் வந்திருக்கும்.

ஒரு அம்மா ஓபில புள்ளையோட விரல் இடுக்க காட்டி பேசிட்டே இருந்தாங்க, அவங்க கை பாட்டுக்கு வளையல தள்ளி தள்ளி மணிக்கட்ட சொறியுது. கேட்டா "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர், கொசு"ன்றாங்க!

அதனால ஒரே ராத்திரி, வீட்ல எல்லாரும், அரிப்பே இல்லாத மாமியார் உட்பட. பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீம், கழுத்துலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும். விரல் இடுக்கு, நகத்துக்கு அடில, அக்குள், தொப்புள், அர்ணாக்கயிறுக்கு கீழ, பிறப்புறுப்பு எதையும் விடக்கூடாது. 8லேர்ந்து 14 மணி நேரம் இருக்கணும், நடுவுல கை கழுவினா கைக்கு திரும்ப போடணும். ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. பெரியவங்களுக்கு ஆளுக்கு ஒரு 30 கிராம் ட்யூப் ஆகும், ஒரே ட்யூப்ப அஞ்சு பேரும் ஊறுகா மாதிரி தொட்டுக்கிட்டா வேலைக்கு ஆகாது. காசு கஷ்டம்னா ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரி ஸ்கின் ஓபிக்கு குடும்பத்தோட போங்க. கைக்குழந்தை, மாசமா இருக்கவங்கன்னா கேட்டுட்டு தான் போடணும்.

புளியந்தோப்புல கேரம் கிளப் போறேன். ஒரே ஸ்ட்ரைக்கர், கை குடுக்குறது, இதுல ஒட்டுமா?

சான்ஸ் ரொம்ப கம்மி தம்பி, தைரியமா ஆடுங்க. ஆனா பாக்ஸிங், கபடின்னு கட்டிப்புடிச்சு ஆடுறவங்களும் டவல் மாத்திக்கிறவங்களும் உஷாரா இருக்கணும்.

தெரு நாய்க்கு சொறி. பசங்க அத தான் கொஞ்சுதுங்க. அதுலேர்ந்தா வந்துச்சு?

நாய் பூச்சி வேற ரகம். நம்ம தோல்ல அதால குடும்பம் நடத்த முடியாது, கொஞ்ச நாள் அரிக்கும், நாய்கிட்ட போறத விட்டா தானா போயிடும். பசங்களுக்கு வாரக்கணக்குல அரிச்சா நாய விட்டுட்டு வீட்ல பக்கத்துல படுக்குறவங்கள பாருங்க.

லாரி தண்ணி தான் வருது. எல்லா துணியையும் வெந்நீர்ல துவைக்க சொல்றாங்க, எங்க போறது? வேப்பிலை மஞ்சள் போதுமா?

எல்லாத்தையும் துவைக்க வேணாம்கா. மனுஷ உடம்ப விட்டா அந்த பூச்சி சாதாரணமா 2, 3 நாள்ல செத்துடும். க்ரீம் போட்ட மறுநாள் காலைல கடைசி 3 நாள் போட்ட துணி, பெட்ஷீட், தலகாணி உறை எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல இறுக்கி கட்டி ஒரு வாரம் மூலைல போட்டுடுங்க, அப்புறம் சாதா தண்ணில துவைச்சா போதும். வேப்பிலை மஞ்சள் பூசுறது உங்க இஷ்டம், ஆனா அத நம்பி க்ரீம விட்டுடாதீங்க. ப்ளீச்சிங் பவுடர், ஃபினாயில் எல்லாம் உடம்புல ஊத்தாதீங்க, வெந்து போய் வர்றவங்கள பாக்குறப்போ வயிறு எரியுது.

ரெண்டு தடவை போட்டாச்சு, பத்து நாள் ஆகியும் அரிக்குதே?

பூச்சி செத்தாலும் அதோட கழிவு தோலுக்குள்ள கிடக்கும், அந்த அலர்ஜி அடங்க 2லேர்ந்து 4 வாரம் ஆகும். அவசரப்பட்டு தினமும் க்ரீம் போட்டா தோல் எரிஞ்சு இன்னும் தான் அரிக்கும். மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வாங்கவே வாங்காதீங்க, அரிப்பு அடங்கின மாதிரி இருக்கும், உள்ள பூச்சி ஜாலியா பெருகும். 4 வாரத்துக்கு மேல போனாலோ புதுசா கொப்பளம் வந்தாலோ நேர்ல வாங்க, சீழ் வெச்சிருந்தா அன்னிக்கே வாங்க. வரும்போது வீட்டாளுங்களையும் கூட்டிட்டு வாங்க.