ரத்தத்துக்குப் பயப்படும் மகள், கத்தி உள்ளே போகாத அறுவை சிகிச்சை

மகளுக்கு டாக்டராக ஆசை, ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிறாள், உள்ளே துளையிடாமல் செய்யும் அறுவை சிகிச்சையை மட்டும் படிக்க வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். அதை மட்டும் படிக்க முடியாது. பொது மருத்துவம் படித்து, பிறகு ஒரு துறையில் பல ஆண்டு பயிற்சி பெற்ற பின்புதான் அந்தக் கட்டம் வரும். ஆனால் அதற்காக அவள் ஆசையை இப்போதே மூட்டை கட்டிவிடாதீர்கள்.

முதலில், 'துளையிடாத' என்றால் 'வெட்டாத' என்று பொருள் இல்லை. கண் அழுத்த நோயை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கெடும் நோய் அது. 1968இல் கண் மருத்துவர் கெய்ர்ன்ஸ் விவரித்த டிரபெகுலெக்டமி என்ற அறுவை முறையில், கண்ணின் உள்ளறை வரை ஒரு திறப்பு போட்டு அந்த நீரை வெளியேற்றுவார்கள். துளையிடாத முறையில் வெள்ளை விழியின் சுவரை அடுக்கடுக்காகச் செதுக்கி, கடைசியில் மெல்லிய சவ்வு ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள். நீர் அதன் வழியே மெதுவாகக் கசியும். அழுத்தம் திடீரென்று அதலபாதாளத்துக்குப் போகும் ஆபத்து இதில் குறைவு. ஆனால் கை கொஞ்சம் ஆழமாகப் போனாலும் சவ்வு கிழிந்துவிடும். கிழிந்தால் பெரும்பாலும் அங்கேயே பழைய முறைக்கு மாற வேண்டியிருக்கும். அதனால், துளையிட்டுச் செய்வதில் நன்றாகத் தேறியவர்தான் துளையிடாமல் செய்ய முடியும்.

ஊமைக்காயத்திலும் இதேதான். வண்டியின் கைப்பிடி வயிற்றில் இடித்திருக்கும். வெளியே ஒரு சிராய்ப்பு, உள்ளே மண்ணீரல் பிளந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அவசரப் பிரிவில் முதலில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து இதயத்தைச் சுற்றி, கல்லீரல் பக்கம், மண்ணீரல் பக்கம், அடிவயிறு என நான்கு இடங்களில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால், பல நேரம் வயிற்றைத் திறப்பதே இல்லை. மண்ணீரலை எடுத்துவிட்டால், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, பிற்காலத்தில் கடுமையான தொற்று வரலாம் என்பதால் அதைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். திரும்பத் திரும்ப நாடி பார்ப்பது, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, ரத்த அளவை அளப்பது, இரவெல்லாம் இதுவே வேலை. ஆனால் அழுத்தம் விழுந்தால் உடனே திறக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தத் துணிவு இருப்பவரால்தான் நம்பிக்கையோடு காத்திருக்க முடியும்.

உங்கள் மகளிடம் நான் பார்க்க விரும்புவதும் இந்தப் பொறுமையைத்தான். பந்து பட்டுக் கண் சிவந்த பையன் ஒரு வாரத்தில் சரியாகிவிடுவான். ஆனால் அந்த அடியில் கண்ணின் வடிகால் மூலை கிழிந்திருந்தால், பல ஆண்டு கழித்துக்கூட அழுத்த நோய் வரலாம். அவனை ஆண்டுதோறும் வரச் சொல்லி, வலி இல்லாத கண்ணையும் சலிக்காமல் அளந்து பார்ப்பவர் வேண்டும். வெளியே தெரியாத ஒன்றைத் தேடிக்கொண்டே இருப்பதில் அவளுக்கு ஈடுபாடு உண்டா? மதிப்பெண்ணைவிட எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியம்.

மயக்கத்துக்கு வருவோம். அது கோழைத்தனம் இல்லை. சிலருக்கு ரத்தத்தைப் பார்த்ததும் நாடியும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும், அவ்வளவுதான். ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-கோரான் ஓஸ்ட் இதற்கென்றே ஒரு பயிற்சியை உருவாக்கினார். கை, கால், வயிற்றுத் தசைகளை 10, 15 விநாடி இறுக்கி, முகத்தில் சூடு ஏறியதும் தளர்த்தி, மறுபடி இறுக்க வேண்டும். அழுத்தம் இறங்காமல் இது தாங்கிப் பிடிக்கும். பழகப் பழகப் பலருக்கு மயக்கமே வருவதில்லை.

அப்புறமும் ரத்தம் வேண்டாம் என்று அவளே சொன்னால், சரி, வேறு கதவுகள் உண்டு. 1980இல் மியூனிக்கில் முதல் நோயாளிக்கு, உடலுக்கு வெளியே இருந்து அனுப்பிய அதிர்வலையால் சிறுநீரகக் கல்லை உடைத்தார்கள். ஸ்வீடன் மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் குழுவின் 'காமா கத்தி', பெயரில்தான் கத்தி, உண்மையில் காமா கதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கும் கருவி, 1968இலிருந்து மண்டையைத் திறக்காமலே மூளைக்குச் சிகிச்சை தருகிறது. கதிர்களின் அளவைக் கணக்கிடுபவர் மருத்துவ இயற்பியலாளர். அவருக்கு வேண்டியது இயற்பியலும் கணக்கும். ஸ்கேன் எடுக்கும் தொழில்நுட்பர் வேலையும் அப்படித்தான். ஊமைக்காயத்தில் அவர் காட்டும் படத்தை வைத்துத்தான் முடிவே எடுக்கிறார்கள். இவற்றை 'டாக்டராக முடியாதவர் போகும் இடம்' என்று வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று முதல் அந்தத் தசைப் பயிற்சியை அவள் தினமும் சில முறை செய்யட்டும். அடுத்து ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, மயக்கம் வருவது உண்டு என்று முன்கூட்டியே சொல்லிப் படுத்துக்கொள்ளட்டும், ஊசி போடும் கையைத் தளர்வாக விட்டு மற்றத் தசைகளை இறுக்கட்டும். எப்படி இருந்தது என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.