எக்ஸ்போர்ட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மகளின் சாமத்திய வீட்டு வீடியோவை வீட்டு லெப்டொப்பிலேயே எடிட் செய்கிறாராம். மொத்தம் 40 நிமிடம். தன் போனில் எடுத்தது, லண்டனிலிருந்து வந்த மைத்துனர் ஐபோனில் எடுத்தது இரண்டையும் கலந்திருக்கிறார். எடிட் செய்ததை ஒரே வீடியோக் கோப்பாக்க எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் 60 சதவீதம் வந்ததும் மென்பொருள் தானாக மூடிக்கொள்கிறது. அழித்துவிட்டு மறுபடி நிறுவியும் அதே கதைதான். 8 ஜீபி ரேம் உள்ள இந்த லெப்டொப்பை மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்.

அவசரப்பட்டுக் காசைக் கொட்டாதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாதி விடை அதில் இருக்கிறது. ஒரே இடத்தில் நின்றால் பெரும்பாலும் அந்த இடத்தில் உள்ள கிளிப்பிலோ எஃபெக்டிலோதான் கோளாறு. மென்பொருளை எத்தனை தடவை நிறுவினாலும் அது தீராது.

40 நிமிடத்தில் 60 சதவீதம் என்றால் ஏறத்தாழ 24ஆவது நிமிடம். கிளிப்களை வரிசையாக அடுக்கியிருக்கும் டைம்லைனில் 22ஆவது நிமிடம் முதல் 26ஆவது நிமிடம் வரை மட்டும் குறித்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதிலும் மூடிக்கொண்டால் இடம் அகப்பட்டுவிட்டது. முதலில் அங்குள்ள எஃபெக்ட்களை நிறுத்திப் பாருங்கள். ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன், புள்ளி புள்ளியாகத் தெரிவதை நீக்கும் நொய்ஸ் ரிடக்‌ஷன், இந்த இரண்டும் கணினியை அதிகம் வாட்டும். அப்படியும் சரிவராவிட்டால் கிளிப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

என் கணிப்பு மைத்துனரின் ஐபோன் கிளிப்கள்தான். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் வீடியோவை எச்.இ.வி.சி என்ற முறையில் சுருக்கிச் சேமிக்கின்றன. போனில் இடம் மிச்சமாகும், ஆனால் அதை விரித்துக் காட்டக் கணினி நிறைய உழைக்க வேண்டும். பழைய லெப்டொப்களில் அதற்கான தனி வசதி கிடையாது. அத்தோடு போன்கள் ஒரே சீரான வேகத்தில் படம் பிடிப்பதில்லை. மண்டபத்தில் வெளிச்சம் குறைந்தால் ஒரு விநாடிக்கான ஃபிரேம்களின், அதாவது தனித்தனிப் படங்களின், எண்ணிக்கையும் குறையும். எடிட்டிங் மென்பொருள்கள் தடுமாறுவதற்கும், சத்தம் வாயசைவை விட்டு விலகிப் போவதற்கும் இது ஒரு முக்கிய காரணம்.

ஹாண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். போன் கிளிப்கள் எல்லாவற்றையும் அதில் கொடுத்து, கணினிக்கு இலகுவான எச்.264 முறைக்கும் மாறாத ஃபிரேம் வேகத்துக்கும் மாற்றுங்கள். வேகம் உங்கள் டைம்லைனில் உள்ளதாகவே இருக்கட்டும். அப்புறம் பழைய கிளிப்களின் இடத்தில் புதியவற்றை வையுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனாலும் எடிட்டிங்குக்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. அடுத்த விழாவில் மைத்துனரிடம் ஐபோன் செட்டிங்ஸில் கமராவின் ஃபோர்மட்ஸ் பகுதியில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் விஷயம் வேறு. அப்போது சூட்டையும் ரேமையும் பார்க்க வேண்டும். கொழும்பு வெக்கையில், மெத்தை மேல் லெப்டொப்பை வைத்து எக்ஸ்போர்ட் கொடுத்தால் அது மூச்சுத் திணறாமல் என்ன செய்யும்? மேசையில் வையுங்கள், சார்ஜரைச் செருகியே வேலை செய்யுங்கள், பிரவுசரை மூடிவிடுங்கள். எடிட்டிங்குக்கு 16 ஜீபி ரேம் இருந்தால் நிம்மதி. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் சில லெப்டொப்களில் ரேம் போர்டோடு ஒட்டியே வரும், மாற்ற முடியாது. காசு கொடுக்கும் முன் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எக்ஸ்போர்ட் முடிந்ததும் டிவியில் போட்டுப் பார்க்க பென் ட்ரைவுக்கு மாற்றுவீர்கள். அங்கேயும் ஒரு சிக்கல் காத்திருக்கலாம். பென் ட்ரைவ் கோப்புகளை ஃபாட்32 என்ற பழைய முறையில் சேமிப்பதாக இருந்தால், எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் 4 ஜீபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை அது ஏற்காது. விநாடிக்கு 16 மெகாபிட் என்று எக்ஸ்போர்ட் செய்தால் 40 நிமிடம் 4.8 ஜீபி வரும். உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபாட் முறைக்கு ஃபோர்மட் செய்யுங்கள். பழைய டிவி அதைப் படிக்காவிட்டால் 12 மெகாபிட்டில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள், 3.6 ஜீபியில் அடங்கிவிடும்.