சமூகத் துறைக்கு மாற நினைப்பவரிடம் கமிஷன் கேட்கலாமா?

கேள்வி: தனியார் நிறுவனங்களில் வேலை பார்க்கும் அனுபவசாலிகள் சமூக நலத் துறைக்கு மாற உதவும் பத்து வாரப் பயிற்சித் திட்டம் ஒன்றை ஒருங்கிணைக்கிறேன். வகுப்புகள் மாலை வேளையில், இணையவழியில் நடக்கின்றன. முதல் அணியில் 28 பேர் இருந்தார்கள். பயிற்சி நன்றாக இருந்தது என்று எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் முடிந்து எட்டு மாதம் ஆகியும் நான்கு பேர்தான் வேலை மாறியிருக்கிறார்கள். நிதி தரும் அறக்கட்டளை எண்ணிக்கை கேட்கிறது. இப்போது ஆள்சேர்ப்பு முகமை ஒன்று, தானே எல்லோருக்கும் வேலை வாங்கித் தருவதாகவும், வேலையில் சேர்ந்ததும் ஒவ்வொருவரும் இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டணமாகக் கொடுத்தால் போதும் என்றும், அதில் ஒரு பங்கு எங்கள் திட்டத்துக்கு வரும் என்றும் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் மற்ற எதையும்விட இதுதான் அவசரம் என்பதால் இதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

சமூகத் துறைக்கு வருகிறவர் பெரும்பாலும் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துத்தான் வருகிறார். அப்படி வருகிறவரிடமே இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடுங்குவது அநியாயம். அதில் உங்களுக்கும் பங்கு என்றால், ஒருவருக்கு எந்த வேலை பொருந்தும் என்று நீங்கள் சொல்லும் ஆலோசனைக்கு அன்றோடு மதிப்பு போய்விடும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181ஆம் எண் உடன்படிக்கை 1997இல் வந்தது. தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ, முழுதாகவோ பகுதியாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்று அதன் 7ஆம் பிரிவு சொல்கிறது. ஆள் தேவைப்படுவது நிறுவனத்துக்கு. ஆள் தேடும் செலவும் அதனுடையதுதான்.

இந்த முகமைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களிடமிருந்து 28 சுயவிவரங்களை வாங்கிக்கொள்வார்கள். எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய வேலை அறிவிப்புகளுக்கு அவற்றை மொத்தமாக அனுப்புவார்கள். இருவருக்கு வேலை கிடைத்தால் அது தங்கள் சாதனை. மற்றவர்களுக்குக் கிடைக்காவிட்டால் அது உங்கள் பயிற்சியின் குறை. இன்னும் மோசமான ஒரு கூட்டம், பெரிய சர்வதேச அமைப்புகளின் பெயரைச் சொல்லி விண்ணப்பக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று வசூலிக்கிறது. விண்ணப்பம், நேர்காணல், நடைமுறைப் பணிகள், பயிற்சி என ஆள்சேர்ப்பின் எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை என்று ஐக்கிய நாடுகள் அமைப்பு தன் வேலை அறிவிப்புகளிலேயே அச்சிடுகிறது. முதல் வகுப்பிலேயே அந்த வரியைப் பங்கேற்பாளர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ஆர்வத்தோடு வருகிறவர்கள்தான் இந்த வலையில் எளிதாக விழுகிறார்கள். படித்தவர்கள் விழ மாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சான்றிதழ் விற்பவர்களும் இதே வகைதான். 'சமூகத் தாக்க நிபுணர்' என்று அச்சடித்த தாளை வைத்து எந்த நிறுவனமும் யாரையும் வேலைக்கு எடுத்து நான் பார்த்ததில்லை.

பணம் வாங்கவே கூடாதா என்று கேட்டால், ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பலர் தவறாகச் செய்கிறார்கள். இலவசத் திட்டங்களில் பாதியில் நின்றுபோகிறவர்கள் அதிகம் என்பதால் சிலர், சேரும்போது வாங்கி முடித்ததும் திருப்பித் தரும் முன்வைப்புத் தொகை வாங்குகிறார்கள். அது தவறில்லை, ஆனால் நிபந்தனைகள் உண்டு. தொகை திரும்பக் கிடைக்கும் நாள் எழுத்தில் இருக்க வேண்டும். திருப்பித் தருவது வருகையையும் ஒப்படைத்த பணியையும் மட்டுமே பொறுத்ததாக இருக்க வேண்டும். வேலை கிடைத்ததா, மாறினாரா என்பதோடு அதற்குத் தொடர்பே கூடாது. நடுவில் நின்றுபோனவரின் தொகை உங்கள் நிர்வாகக் கணக்கில் சேரக் கூடாது. சேர்ந்தால் ஆள் நின்றுபோவது உங்களுக்கு லாபமாகிவிடும். அது எந்த அறப்பணிக்குப் போகும் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். கட்ட முடியாதவருக்குக் காரணம் கேட்காமல் விலக்கு கொடுங்கள். வீட்டில் நோயாளி இருந்தோ, பிரசவமோ, வேலையிழப்போ நேர்ந்து நின்றவருக்கு முழுத் தொகையும் திரும்ப வேண்டும். இத்தனையையும் கடைப்பிடிக்க முடியாவிட்டால் வாங்காமலே இருந்துவிடுங்கள். கட்டணத்தை வேறு பெயரில் பிடித்துக்கொள்வதற்குப் பெயர் முன்வைப்புத் தொகை அல்ல.

இனி உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன்: ஏன் நான்கு பேர் மட்டும்? உங்கள் பத்து வாரத்தில் என்னென்ன இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. துறை அறிமுகம், சாதித்தவர்களின் உரை, சுயவிவரம் எழுதும் வகுப்பு, ஊக்கம் தரும் கலந்துரையாடல். எல்லாம் நல்லவையே. ஆனால் பத்தாவது வார முடிவில் பங்கேற்பாளர் கையில் என்ன இருக்கிறது? தொண்டு நிறுவனத்தின் தேர்வாளர் அவரிடம் கேட்கும் முதல் கேள்வி, 'எங்களைப் போன்ற இடத்தில் நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்?' என்பதுதான். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

வேலை அறிவிப்புகளைப் பாருங்கள். 'இத்துறையில் ஐந்தாண்டு அனுபவம் கட்டாயம்' என்று போட்டுவிட்டு, தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று அதே நிறுவனங்கள் புலம்புகின்றன. இந்த முரண்பாட்டைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. 1998இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற இரு உளவியலாளர்கள் 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து, ஒருவர் வேலையில் எப்படிச் செயல்படுவார் என்பதை எந்தத் தேர்வு முறை எவ்வளவு சரியாகக் கணிக்கிறது என்று மதிப்பிட்டார்கள். முழுப் பொருத்தம் 1 என்றால், மாதிரி வேலை செய்து காட்டச் சொல்வதற்கு 0.54; அனுபவ ஆண்டுகளை எண்ணுவதற்கு 0.18 மட்டுமே. பால் சாக்கெட்டும் சகாக்களும் 2022இல் இந்தக் கணக்கைத் திருத்தினார்கள். பல எண்கள் குறைந்தன, அனுபவ ஆண்டுகளின் எண் இன்னும் கீழே போனது, ஆனால் இந்த இரண்டில் எது முந்தியது என்பது மாறவில்லை. நுணுக்கம் உங்களுக்குத் தேவையில்லை. செய்து காட்டிய வேலை பேசுமளவுக்கு ஆண்டுக் கணக்கு பேசாது என்பது போதும்.

எனவே அடுத்த அணியைத் தலைகீழாகக் கட்டுங்கள். பங்கேற்பாளர்களைச் சேர்க்கும் முன் ஐந்தாறு தொண்டு நிறுவனங்களின் பொறுப்பாளர்களிடம் பேசுங்கள். 'எங்கள் ஆட்களை எடுப்பீர்களா?' என்று கேட்காதீர்கள். பண்புக்காகச் சரி என்பார்கள். ஒரு வருடமாகச் செய்ய நினைத்து, செய்ய ஆளில்லாமல் கிடக்கும் வேலை எது என்று கேளுங்கள். நிதிக் கணக்கு, தரவு ஒழுங்கு, கொள்முதல், பணியாளர் விதிமுறை என்று நிச்சயம் ஏதாவது வரும். ஒவ்வொன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: வேலை என்ன, எந்தத் தகவல் கொடுப்பார்கள், சந்தேகம் கேட்டால் அங்கே பதில் சொல்பவர் யார், எந்தத் தேதிக்குள். பதில் சொல்பவரின் பெயர் இல்லாத தாளை ஏற்காதீர்கள். பாதி வேலைகள் அந்த ஒரு இடத்தில்தான் கெடுகின்றன.

நான் பார்த்த ஒரு வேலையைச் சொல்கிறேன். பெரிய நிறுவனத்தில் கணக்காளராக இருந்த ஒரு பெண்மணி, சிறிய கல்வித் தொண்டு நிறுவனம் ஒன்றின் வரவு செலவைப் பன்னிரண்டு மாத அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தார். ஒரே தாள். மேல் வரிசையில் மாதங்கள், கீழே மானியத் தவணைகள், அதற்கும் கீழே சம்பளம், வாடகை, அச்சுச் செலவு. மூன்றாவது தவணை செலவு நடந்து இரண்டு மாதம் கழித்தே வருகிறது என்பதும், அந்த இரண்டு மாதமும் ஆசிரியர் சம்பளத்துக்குக் கையிருப்பு இல்லை என்பதும் அதில் சிவப்புக் கட்டங்களாகத் தெரிந்தன. ஆண்டுதோறும் அந்தச் சமயத்தில் ஏன் திண்டாடுகிறோம் என்பது நிர்வாகிக்கு அன்றுதான் விளங்கியது. அந்தத் தாளோடு நிதியளிப்பாளரிடம் போய்த் தவணைத் தேதியை முன்னுக்கு மாற்றி வாங்கினார். அந்தப் பெண்மணிக்கு அங்கேயே நிதி மேலாளர் வேலை கிடைத்தது. துறை அனுபவம் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

நல்ல திட்டங்களின் அடிப்படை இதுதான். லண்டனில் தொடங்கிய ஆன் பர்ப்பஸ் திட்டத்தில் பங்கேற்பாளர் ஓராண்டில் ஆறாறு மாதமாக இரண்டு இடங்களில் சம்பளத்துடன் வேலை செய்கிறார். அமெரிக்காவின் என்கோர் பெல்லோஷிப்பில், பணிவாழ்வின் பிற்பகுதியில் இருப்பவர்கள் சுமார் 1,000 மணி நேரம் ஒரு தொண்டு நிறுவனத்தில் உதவித்தொகையுடன் பணியாற்றினார்கள். உங்கள் வசதிக்கு அவ்வளவு முடியாது. பத்து வாரத்தில் ஆறு வாரத்தை உண்மையான வேலைக்கு ஒதுக்குவது முடியும், உரைகளைக் குறையுங்கள். அந்த ஆறு வாரத்துக்கு மேல் இலவச வேலை வாங்கவும் விடாதீர்கள். நான்காவது மாதமும் 'தன்னார்வலராக' வேலை வாங்கும் நிறுவனம் ஊதியம் கொடுக்கப் போவதில்லை.

சேர்க்கும்போது ஆர்வக் கட்டுரையை மட்டும் பார்க்காதீர்கள். சம்பளம் குறைந்தால் எத்தனை மாதம் தாங்குவார், வீட்டில் பேசிவிட்டாரா, கடன் உண்டா என்று தனியாக உட்கார்ந்து கேளுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். அந்த 24 பேரில் பலர் பத்தாவது வாரம் முடிந்த பிறகுதான் இந்தக் கணக்கையே போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அறக்கட்டளை கேட்கும் எண்ணிக்கைக்கு வருகிறேன். 'எத்தனை பேர் மாறினார்கள்' என்ற ஒற்றை எண்ணைக் கேட்பதுதான் உங்களைத் தரகரின் வாசலுக்குத் தள்ளுகிறது. அந்த எண்ணைத் தர யாரை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் தள்ளிவிடலாம். ஆறு மாதத்தில் அவர் மனம் நொந்து பழைய வேலைக்கே திரும்பினால் எந்த அறிக்கையிலும் அது வராது. நிதி கொடுப்பவர்கள் இதைப் புரிந்துகொள்ள மறுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீங்களே அவர்களுக்கு வேறு கணக்கைக் கொடுங்கள்: மாறியவர்கள், ஓராண்டுக்குப் பிறகும் அங்கே நீடிப்பவர்கள், யோசித்துப் பார்த்து மாறாமலிருக்க முடிவெடுத்தவர்கள், இருக்கும் வேலையிலேயே இருந்தபடி ஒரு நிறுவனத்துக்குத் தொடர்ந்து தங்கள் திறமையைக் கொடுப்பவர்கள். நால்வகையையும் தனித்தனியாகக் காட்டுங்கள். மாறியவர்களிடம் இன்னொன்றும் கேளுங்கள்: இந்தத் திட்டம் இல்லாவிட்டாலும் மாறியிருப்பீர்களா? ஆம் என்றால் அந்தப் பெருமையை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியாது. வாரம் 40 மணி நேரம், ஆண்டுக்கு 50 வாரம், 40 ஆண்டு என்று பெருக்கினால் ஒருவருடைய பணிவாழ்வு 80,000 மணி நேரம். இந்த எண்ணையே பெயராகக் கொண்ட ஆலோசனை அமைப்பு ஒன்று பிரிட்டனில் 2011இல் தொடங்கப்பட்டது. அவ்வளவு நீண்ட வாழ்வில் ஒருவர் எட்டு மாதத்துக்குள் மாறினாரா என்பதை வைத்து உங்கள் திட்டத்தை எடைபோடக் கூடாது என்று அறக்கட்டளையிடம் துணிந்து சொல்லுங்கள். பதினெட்டு மாத அவகாசம் கேளுங்கள்.

முகமைக்கு இன்றே பதில் எழுதிவிடுங்கள். பங்கேற்பாளர்களின் தொலைபேசி எண்களோ சுயவிவரங்களோ ஏற்கெனவே அவர்களிடம் போயிருந்தால், அழித்துவிட்டதாக எழுத்தில் வாங்குங்கள். 28 பேருக்கும், யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று ஒரு வரி அனுப்புங்கள். பிறகு, மாறிய நான்கு பேரையும் தனித்தனியே கூப்பிட்டு, வேலை எந்த வழியாகக் கிடைத்தது, யார் அறிமுகம் செய்தார், நேர்காணலில் எதைக் காட்டினார்கள் என்று விசாரியுங்கள். அடுத்த அணிக்கான அறிவிப்பை அதன் பிறகு எழுதுங்கள்.