கல்லூரிக் கூடைப்பந்தில் ஜொலிக்கும் ஒரு கார்டு என்.பி.ஏ.வில் நிலைப்பாரா என்று எப்படிக் கணிப்பது?

கேட்டவர், முதலாண்டு படிக்கும் ஒரு கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நகர்த்தும் வெளிவட்ட வீரர், ஆட்டத்துக்கு 25 புள்ளிகள் எடுப்பதைச் சொல்லி, "அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் இவர் தேறுவாரா?" என்கிறார். இந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை அடித்துச் சொன்ன பதிலால் ஒரு வாரம் நண்பனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2011 மார்ச். அமெரிக்கக் கல்லூரிகளின் என்.சி.ஏ.ஏ. போட்டிகளை அதிகாலையில் எழுந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஜிம்மர் ஃப்ரெடெட், நடுக்கோட்டைத் தாண்டி நாலு எட்டு வைப்பதற்குள் பந்தை எறிந்துவிடுவார். பயிற்சியாளர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் வகை எறி. ஆனால் விழும். ஆட்டத்துக்கு 28.9 புள்ளிகள், நாட்டிலேயே முதலிடம், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர் விருது. "இவன் என்.பி.ஏ.வில் பத்து வருடம் ஆளுவான்" என்று, கல்லூரியில் என்னோடு ஆடிய நண்பனிடம் பந்தயம் கட்டினேன்.

அந்த ஆண்டு டிராஃப்டில், அதாவது என்.பி.ஏ. அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாளில், ஜிம்மர் பத்தாவதாக அழைக்கப்பட்டு, வீரர் பரிமாற்றம் வழியாக சாக்ரமென்டோ கிங்ஸ் அணிக்குப் போனார். அவருக்கு அடுத்து, பதினோராவதாக அழைக்கப்பட்டவர், பின்னாளில் என்.பி.ஏ.வின் பெரிய எறிவாளராக ஆன கிளே தாம்சன். அதே இரவில் அதே கிங்ஸ் அணி, கடைசி இடமான 60இல் இன்னொரு கார்டை எடுத்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஐசையா தாமஸ். உயரம் 5 அடி 9 அங்குலம். என்.பி.ஏ. ஆட்களுக்கு நடுவே அவர் நின்றால் பள்ளிக்கூடப் பையன் தவறி உள்ளே வந்துவிட்டான் என்று தோன்றும். முதல் பருவம் முடிவதற்குள் தொடக்க ஐவரில் இடம் பிடித்தது அந்தப் பையன்தான். ஜிம்மரின் என்.பி.ஏ. சராசரி மொத்தத்தில் 6 புள்ளிகளோடு நின்றுபோனது. 2016-17 பருவத்தில் பாஸ்டன் செல்டிக்ஸுக்கு ஆடிய தாமஸின் சராசரி எவ்வளவு தெரியுமா? 28.9. ஜிம்மர் கல்லூரியில் எடுத்த அதே எண், தசமம் பிசகாமல்.

ஆகவே உங்கள் 25 புள்ளிகளைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். எத்தனை எடுத்தார் என்பதைவிட எப்படி எடுத்தார், யார் எதிரே நிற்கும்போது எடுத்தார் என்பதே பெரிது. கல்லூரியும் என்.பி.ஏ.வும் ஒரே விளையாட்டின் இரண்டு வகுப்புகள் அல்ல, விதிகளே வேறு. கல்லூரியில் பந்தை எறிய 30 வினாடி, என்.பி.ஏ.வில் 24. கல்லூரியில் தடுப்பவர் வளையத்தடியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குடியிருக்கலாம். என்.பி.ஏ.வில் யாரையும் மறிக்காமல் அங்கே மூன்று வினாடிக்கு மேல் நின்றால் தவறு. அதனால், பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே புகும் குட்டிக் கார்டுகளைக் கல்லூரி ஆட்டம் குறைத்துக் காட்டும். அங்கே உள்ளே எப்போதும் சந்தைக் கூட்டம். தூரத்திலிருந்து எறிந்தே பெயர் வாங்குபவர்களை அது சற்றுக் கூட்டிக் காட்டும். ஏனென்றால் என்.பி.ஏ.வில் துரத்தி வருபவன் ஆறரை அடி உயரமும் அதற்கும் மேல் நீண்ட கையும் உள்ளவன். ஜிம்மருக்கு எறிவதற்குத் தேவைப்பட்ட அந்த அரை வினாடியை அவர்கள் தரவில்லை. அவரால் எதிராளியைத் தடுக்கவும் முடியவில்லை. போதாக்குறைக்கு, பந்து தன் கையில் இருந்தால்தான் அவர் ஆட்டக்காரர். இல்லாவிட்டால் அவரும் என்னைப் போல ஒரு பார்வையாளர். இதை நான் 2011இலேயே பார்த்திருக்க வேண்டும். விழுகிற பந்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

பந்து கையில் இல்லாதபோது என்ன செய்கிறார் என்பதைக் காட்ட ஒரே ஒரு ஆட்டம் போதும். 2008 நவம்பர் 25. டேவிட்சன் என்ற சிறிய கல்லூரிக்கு மூன்றாம் ஆண்டு ஆடிக்கொண்டிருந்தார், பின்னாளில் என்.பி.ஏ.வின் உச்ச நட்சத்திரமான ஸ்டீஃபன் கரி. எதிரணி மேரிலாந்தின் லொயோலா. கரியிடம் பந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்மேல் இரண்டு பேரை ஒட்டவைத்தது லொயோலா. வேறொரு இளைஞனாக இருந்தால் கோபத்தில் இருபது முறை எறிந்து, ஐந்தைப் போட்டு, பயிற்சியாளரை முறைத்திருப்பான். கரி என்ன செய்தார்? நேராக மூலைக்குப் போய் நின்றுகொண்டார். அந்த இரண்டு பேரும் அவரோடு மூலையிலேயே நின்றார்கள். மற்ற நான்கு டேவிட்சன் வீரர்களுக்கு எதிரே மூன்று பேர். 78-48 என்று டேவிட்சன் ஜெயித்தது. கரி எறிந்தது மூன்றே முறை, எடுத்தது பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியத்தையும் சேர்த்துத்தான் அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு 28.6 புள்ளிகளோடு நாட்டிலேயே முதலிடம் வந்தார்.

அடுத்த ஆண்டு டிராஃப்டில் மின்னசோட்டா அணி ஐந்தாம், ஆறாம் இடங்களில் அடுத்தடுத்து இரண்டு கார்டுகளை எடுத்தது. இருவரில் ஒருவர்கூடக் கரி இல்லை. ஏழாவதாக கோல்டன் ஸ்டேட் அவரை எடுத்துக்கொண்டது.

எண்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு எண்ணை நான் விடாமல் பார்ப்பேன்: ஃப்ரீ த்ரோ சதவீதம். யாரும் மறிக்காமல், மூச்சு வாங்கிக்கொண்டு, 15 அடியிலிருந்து எறிவது. கையின் உண்மைத் தரம் அங்கேதான் தெரியும். 2017 டிராஃப்டில் முதல் ஆளாகப் பிலடெல்பியா அணிக்குப் போன மார்க்கெல் ஃபல்ட்ஸ், கல்லூரியில் மூன்று புள்ளிக் கோட்டுக்குப் பின்னிருந்து 41 சதவீதம் போட்டார். எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். ஃப்ரீ த்ரோவில் அவர் போட்டது 65 சதவீதம். தூரத்திலிருந்து துல்லியம், பக்கத்திலிருந்து தடுமாற்றம் என்றால், ஒரு பருவத்து மூன்று புள்ளிக் கணக்கில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். ஆனால் அவருடைய வீழ்ச்சியை இதோடு முடிச்சுப் போடுவது நியாயமல்ல. பின்னர் அவருக்குத் தோள்பட்டை நரம்புக் கோளாறு இருப்பது கண்டறியப்பட்டது. கையைத் தூக்கவே வலித்தவரை எந்தக் கணக்கை வைத்துக் கணிப்பது?

இனி, நான் எதிர்த்திசையில் தவறிய கதை. வில்லனோவா பல்கலைக்கழகத்தின் ஜேலன் பிரன்சன். 2016, 2018 என இரண்டு தேசியக் கோப்பைகள். 2018இல் ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர். அந்த ஆண்டு டிராஃப்டில் அவருக்கு முன்னால் 32 பெயர்கள் வாசிக்கப்பட்டன. அதில் மூன்று பேர் அவருடைய சொந்த அணிக்காரர்கள்: மிக்கல் பிரிட்ஜஸ் 10, டான்டே டிவின்சென்சோ 17, ஒமாரி ஸ்பெல்மன் 30. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு மாப்பிள்ளைத் தோழர்களுக்கு மாலை போட்ட மாதிரி. அப்போது அதை நானும் சரி என்றுதான் நினைத்தேன். காரணங்கள் தயாராக இருந்தன: 6 அடி 2 அங்குலம்தான், பெரிதாக எகிறமாட்டார், மூன்று ஆண்டு கல்லூரியில் ஆடி 21 வயதாகிவிட்டது, இனி வளர என்ன இருக்கிறது? அதே டிராஃப்டில் ஐந்தாவதாகப் போன டிரே யங்குக்கு 19 வயது. புள்ளியிலும் அசிஸ்ட்டிலும், அதாவது சக வீரர் போட ஏதுவாகப் பந்து கொடுப்பதிலும், ஒருசேர நாட்டில் முதலிடம் பிடித்துவிட்டு வந்திருந்தார்.

பிரன்சன் பந்தோடு உள்ளே போவதை நிதானமாகப் பாருங்கள். இடது கைக்காரர். தோளைத் தடுப்பவரின் மார்பில் சாய்த்துக்கொண்டு, வேகமில்லாமல், பேருந்துக்கு நேரமிருக்கிறது என்பவர் மாதிரி போவார். வளையத்துக்கு எட்டு அடி முன்னால் இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் ஊன்றி நின்றுவிடுவார். கூட ஓடி வந்தவன் நிற்க முடியாமல் அரை அடி தள்ளிப் போவான். பிரன்சன் ஒரு காலை ஊன்றியபடி மறுகாலைச் சுழற்றுவார். எறிவது போலப் பந்தை முகம்வரை தூக்குவார். தடுப்பவன் எகிறுவான். அவன் கீழே வந்து சேர்வதற்குள் இன்னொரு சுழற்சி, பந்து வளையத்தில். இதற்கு எகிறவே தேவையில்லை. வயதாவதால் குறைகிற விஷயமும் அல்ல. எங்கள் கல்லூரிப் பயிற்சியாளர் "பந்தைப் பார்க்காதே, காலைப் பார்" என்று தொண்டை கிழியக் கத்துவார். அது தடுப்பவனுக்கான அறிவுரை என்று நினைத்திருந்தேன். பார்வையாளனுக்கும் அதுவே என்று புரிய பிரன்சன் வர வேண்டியிருந்தது.

அவரை 33ஆவதாக எடுத்த டல்லஸ் அணியும் முழுக்கப் புரிந்துகொள்ளவில்லை. நான்கு ஆண்டு கழித்து அவரைக் கைநழுவ விட்டது. 2022இல் நியூயார்க் நிக்ஸ் நான்கு ஆண்டுக்கு 10.4 கோடி டாலர் கொடுத்து அழைத்துக்கொண்டது.

எந்த அணி, எந்தப் பயிற்சியாளர், எந்த நேரத்தில் யாருக்குக் காயம் என்பதெல்லாம் தனி. அதை எந்த நிபுணரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு மே மாதமும் சிகாகோவில் இளைஞர்களைக் கூட்டி வைத்துக் கை நீளம், எகிறும் உயரம் எல்லாம் அளக்கிறார்கள். கை நீளம் தடுப்பாட்டத்துக்கு முக்கியம்தான். ஆனால் மூலைக்குப் போய் நிற்கும் புத்தியை அளக்க அங்கே நாடா இல்லை.

உங்கள் பையனை அடுத்த ஆட்டத்தில் இப்படிப் பாருங்கள். அவனைவிட நான்கு அங்குலம் உயரமானவன் மறிக்க வரும்போது பின்வாங்குகிறானா, அவனை உரசிக்கொண்டே உள்ளே போகிறானா? தன் அணியின் பெரிய ஆளைச் சுவர்போல நிறுத்தி அவனைச் சுற்றி வரும்போது, தூரத்து மூலையில் தனியாக நிற்பவன் கண்ணில் படுகிறானா? இடது கையால் அங்கே பந்தை அனுப்ப முடிகிறதா? சக வீரன் எறியும்போது இவன் எங்கே நிற்கிறான்? நாலு ஆட்டம் இப்படிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், 25 புள்ளியைப் பற்றிப் பிறகு பேசலாம்.

பந்தயத்தில் தோற்ற பிறகும் எனக்கு ஜிம்மர்மேல் பிரியம் போகவில்லை. 2017 பிப்ரவரியில் சீன லீக்கில் ஷாங்காய் அணிக்காக ஒரே ஆட்டத்தில் 73 புள்ளிகள் குவித்தார். செய்தியைப் பார்த்ததும் நண்பனுக்கு அனுப்பிவைத்தேன். பதில் உடனே வந்தது: "சரி, மறித்தது யார்?"