ஆய்வு என்னுடையது, பெயர் நெறியாளருடையது: இதழை எப்படி அணுகுவது?

கேள்வி: அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியலில் பிஎச்.டி. செய்கிறேன். ஆய்வேட்டை இன்னும் சமர்ப்பிக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த மூன்றாம் இயலை, என் நெறியாளர் தன் பெயரிலும் இன்னொருவர் பெயரிலும் ஒரு சர்வதேச ஆய்விதழில் வெளியிட்டுவிட்டார். அதில் நான் எடுக்காத ஒரு நுண்ணோக்கிப் படமும் இருக்கிறது. அவருடைய பழைய கட்டுரை ஒன்றில் அதே படம் வேறொரு மாதிரியின் படமாக வந்திருக்கிறது. இதழுக்கு எழுதினேன். ‘உங்கள் பல்கலைக்கழகத்தை அணுகுங்கள்’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அவர்தான் துறைத் தலைவர். வழக்குப் போட்டுக் கட்டுரையை நீக்க வைக்க முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வழக்கு இருக்கட்டும். முதலில் உங்கள் புகாரைப் பிரித்து எழுதுங்கள். உங்கள் எழுத்தை எடுத்துக்கொண்டு பெயரை விட்டது ஒன்று, படம் இன்னொன்று. இரண்டையும் ஒரே கடிதத்தில் கொட்டினால், ‘ஆசிரியர் தகராறு’ என்று ஒதுக்கிவைப்பது இதழுக்குச் சுலபமாகிவிடும்.

யார் ஆசிரியர் என்ற சண்டையில் இதழாசிரியர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆய்வகக் குறிப்பேடு அவர்களிடம் இல்லை, சாட்சிகளை விசாரிக்கும் அதிகாரமும் இல்லை. பதிப்பு நெறிமுறைக் குழுவான ‘கோப்’, மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு இரண்டும் இத்தகைய தகராறை நிறுவனத்துக்கு அனுப்பச் சொல்கின்றன. ஆகவே உங்களுக்கு வந்த பதில் எரிச்சலூட்டினாலும் விதிமீறல் அல்ல.

படம் அப்படியல்ல. இரண்டு கட்டுரைகளையும் அருகருகே வைத்தால் யாருக்கும் தெரியும். இதற்குத் தனிக்கடிதம் அனுப்புங்கள்: இரு கட்டுரைகளின் டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிரந்தர இணைய அடையாள எண்), பட எண், ஒத்துப்போகும் பகுதியை வட்டமிட்ட ஒப்பீடு, படத்தைத் திருப்பியோ வெட்டியோ இருந்தால் அந்த விவரம். ‘மோசடி’ என்று எழுத வேண்டாம். ‘ஒரே படம் இரு வேறு மாதிரிகளுக்குக் காட்டப்பட்டுள்ளது, விளக்கம் தேவை’ என்பது போதும். அவர்கள் நெறியாளரிடம் மூலக்கோப்பைக் கேட்பார்கள். விளக்கம் திருப்தி தராவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவார்கள்.

முடிவு மூன்று வகையில் வரலாம். கவனக்குறைவு, முடிவுகளைப் பாதிக்கவில்லை என்றால் திருத்தம். விசாரணை இழுத்தடிக்கப்பட்டால் வாசகர்களை எச்சரிக்கும் ஐயக் குறிப்பு. முடிவுகளை நம்ப முடியாது என்றாலோ பிறர் எழுத்தைத் திருடியது உறுதியானாலோ கட்டுரை திரும்பப் பெறப்படும். திரும்பப் பெற்ற கட்டுரையும் இணையத்திலிருந்து மறையாது. முத்திரை குத்தப்பட்டு, காரணம் சொல்லும் அறிவிப்போடு அங்கேயே இருக்கும். ‘நீக்கம்’ என்று நீங்கள் கேட்பது மிக அரிது. ஆசிரியர் பெயர் மட்டும்தான் பிரச்சினை, ஆய்வு சரி என்றால் வழக்கமாகத் திருத்தம்தான் கிடைக்கும்.

விசாரிக்கும் அமைப்பின் கண்டறிதலுக்கு, அதாவது விசாரணை முடிவுக்கு, எவ்வளவு எடை என்பதற்கு ‘தி லான்செட்’ மருத்துவ இதழ் ஓர் உதாரணம். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட பிரிட்டிஷ் மருத்துவர் வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையை அந்த இதழ் முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010 பிப்ரவரியில்தான். மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் தன் கண்டறிதலை வெளியிட்ட சில நாட்களில்.

உங்களுக்கு அந்தக் கண்டறிதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறைகள் வழியாக வர வேண்டும். சாதாரணமாகப் புகார் துறை அளவிலான குழுவுக்குப் போகும். அது 45 நாட்களுக்குள் நிறுவன அளவிலான குழுவுக்கு அறிக்கை தர வேண்டும். துறைக்குழுவின் தலைவரே துறைத் தலைவர்தான் என்பதால் உங்கள் விஷயத்தில் இது பொருந்தாது. துறைத் தலைவர் மீதான புகாரில் நிறுவனக் குழுவே நடவடிக்கையைப் பரிந்துரைக்க வேண்டும். எனவே அந்தக் குழுவின் தலைவருக்கு முகவரியிட்டு, துணைவேந்தருக்கும் பதிவாளருக்கும் நகல் வைத்து, பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

ஒழுங்குமுறைகளின்படி பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. வெளியான கட்டுரையில் 40 சதவீதத்தைத் தாண்டினால் ஓர் ஆண்டு ஊதிய உயர்வு போகும், 2 ஆண்டுகள் புதிய மாணவர்களுக்கு நெறியாளராக முடியாது. 60 சதவீதத்தைத் தாண்டினால் அடுத்தடுத்து இரண்டு ஊதிய உயர்வுகளும் 3 ஆண்டுகளும். ஆனால் இந்தச் சதவீதத்தைக் கணக்கிடும் மென்பொருள் பொருத்திப் பார்ப்பது சொற்களை. அட்டவணை எண்களையும் வரைபடங்களையும் மாற்றி எழுதிய வாக்கியங்களையும் அது பெரும்பாலும் தவறவிடும். ஆகவே வரிக்கு வரி ஒப்பீட்டு அட்டவணை ஒன்றை நீங்களே தயாரித்து இணையுங்கள். இயலை நெறியாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலின் தேதி, கட்டுரையில் அச்சான ‘பெறப்பட்ட நாள்’ இரண்டையும் முதல் பக்கத்திலேயே காட்டுங்கள். புகாரின் உயிர் அங்கேதான்.

இன்னொரு ஆபத்து பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிகிறது. அந்தக் கட்டுரை முதலில் வந்துவிட்டதால், நாளை உங்கள் ஆய்வேட்டைச் சோதித்தால் நீங்கள் அதிலிருந்து நகலெடுத்ததாக அறிக்கை வரும். 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கச் சொல்வார்கள். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். அதனால் சமர்ப்பிக்கும் முன்பே புகார் எழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

பல்கலைக்கழகம் வாய் திறக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போட்டு, புகார் எந்த நிலையில் இருக்கிறது, குழு எப்போது கூடியது என்று கேளுங்கள். 30 நாட்களில் பதில் தர வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், குறித்த காலத்துக்குள் புகாரை முடிக்க உத்தரவிடக் கோரி அரசியலமைப்பின் 226-வது பிரிவில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். தென்மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. கட்டுரையைத் திரும்பப் பெற வைக்கும் வழக்கைவிட இது எளிது.

பதிப்புரிமை வழக்கும் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57-வது பிரிவு, படைப்புக்குத் தானே ஆசிரியர் என்று கோரும் உரிமையைத் தருகிறது. பதிப்புரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் அது போகாது. வழக்கை நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம், கால வரம்பு 3 ஆண்டுகள். ஆனால் சட்டம் காப்பது வாக்கியத்தையும் வரைபடத்தையும்தான். கருத்தையும் வெறும் தரவையும் அல்ல. உங்கள் அளவீடுகளை மட்டும் எடுத்து அவரே புதிதாக எழுதியிருந்தால் வழக்கு பலவீனம். மின்னஞ்சல்களைச் சாட்சியமாக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அசல் மின்னஞ்சலை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள்.

இடைப்பட்ட நாட்களில் வாட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ எழுத வேண்டாம். அதிகாரமுள்ள அமைப்பிடம் நல்லெண்ணத்தோடு செய்யும் புகாருக்கு அவதூறுச் சட்டம் விலக்குத் தருகிறது. சமூக ஊடகப் பதிவுக்கு அந்தக் கவசம் கிடைக்காது.

கடைசியாக, எதைக் கேட்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பெயரைச் சேர்க்கச் சொன்னால், அந்தச் சந்தேகப் படத்துக்கும் நீங்கள் பொறுப்பாளி ஆவீர்கள். என் யோசனை: பெயர் கேட்காதீர்கள், திரும்பப் பெறக் கேளுங்கள். அறிவிப்பில் எந்தப் பகுதி யாருடைய வெளியாகாத ஆய்வேட்டிலிருந்து வந்தது என்று எழுதும்படியும் கோருங்கள். அதே தரவை நீங்கள் வேறு இதழுக்கு அனுப்பும்போது இரட்டைப் பிரசுரம் என்று திருப்பாமலிருக்க, கட்டுரையுடன் அனுப்பும் முகப்புக் கடிதத்தோடு அந்த அறிவிப்பை இணைத்து அனுப்பலாம்.