எனர்ஜிபிளஸில் ஒரு ரன் இன்னொன்றின் முடிவை ஏன் அழிக்கிறது?

கட்டடங்களின் ஆற்றல் பயன்பாட்டைக் கணிக்கும் எனர்ஜிபிளஸ் மென்பொருளில் இரண்டு மாடல்களை ஒரே ஃபோல்டரில் சேர்ந்தாற்போல் ஓடவிட்டால் முடிவுகள் கலந்துபோவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாடலின் விவரங்களைக் கொண்ட உங்கள் ஐடிஎஃப் உள்ளீட்டுக் கோப்புக்கு என்ன பெயர் வைத்தாலும், நீங்கள் மாற்றாதவரை வெளியீடுகள் எல்லாம் 'இபிளஸ்' என்றே தொடங்கும். பிழைகள் பதிவாவதும் 'இபிளஸ்அவுட்.இஆர்ஆர்' என்ற ஒரே பெயரில்தான். பிந்தி எழுதுவது முந்தியதை அழித்துவிடும்.

கட்டளை வரியில் 'பி' ஆப்ஷன் கொடுத்து 'இபிளஸ்' என்ற அந்த முன்னொட்டை மாற்றலாம். சரி, அது போதுமா? எச்விஏசி (வெப்பமூட்டல், காற்றோட்டம், குளிரூட்டல்) அமைப்பைச் சுருக்கமாகக் குறிக்கும் டெம்ப்ளேட் வைத்த மாடலுக்குப் போதாது. அதை விரித்தெழுதும் எக்ஸ்பேண்ட்ஆப்ஜெக்ட்ஸ் நிரல் 'இன்.ஐடிஎஃப்' என்பதைப் படித்து 'எக்ஸ்பேண்டட்.ஐடிஎஃப்' என்று எழுதும். முன்னொட்டு அதற்குத் தெரியாது. இங்கேதான் பலர் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

அதனால் ரன்னுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள்ளிருந்தே ஓட்டுங்கள்.